லண்டனின் ராகுகாலம்

குட்மேய்ஸ் தமிழ்க் கடையில் இந்த வருடக் கலண்டரைச் சுருட்டி மரக்கறிப் பையோடு தந்தார்கள். வீட்டில் விரித்துப் பார்த்தேன். ராகுகாலப் பெட்டிக்குக் கீழே "லண்டன் சூரிய உதயப்படி கணிக்கப்பட்டது" என்று சிவப்பில் போட்டிருக்கிறார்கள், ஏதோ தாங்களே கண்டுபிடித்ததுபோல. எனக்குச் சிரிப்பு வந்தது. எண்பதுகளின் கடைசியிலேயே ஒரு படிக்கட்டில் நின்று நீர் அதைக் கணித்துவிட்டீர்.

அப்போது இதே லண்டனில், வால்தம்ஸ்டோவில், ஓர் அறையும் குசினியுமாக இருந்தோம். எனக்குப் பெற்றோல் நிலையத்தில் வேலை, உமக்கு ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில். ஊரில் விஞ்ஞானப் பட்டம் எடுத்த கையால் டின்னுக்கு லேபிள் ஒட்டினீர். கனடாவில் நிலத்தடித் தண்ணீர் பற்றிய ஒரு வருடப் படிப்புக்கு உதவித்தொகை தருகிறார்கள் என்று அறிந்த நாளிலிருந்து உமக்கு வேறு நினைப்பில்லை. அதற்கு வயது எல்லை இருந்தது. அந்த வருடம் தவறினால் பிறகு இல்லை. நாலு வயதுப் பிள்ளையைப் புருஷனிடம் விட்டுவிட்டுப் போனால் கோயிலில் என்ன கதைப்பார்களோ என்றும் யோசித்தீர். கதைக்கிறவர்கள் வந்து பிள்ளைக்குத் தலை இழுத்துப் பின்னிவிடப் போகிறார்களா என்று கேட்டேன்.

விண்ணப்பத்தில் "ஏன் இந்தப் படிப்பு" என்ற பக்கத்துக்கு நீர் எழுதிய முதல் பிரதி எனக்கு மறக்காது. அப்பா தலைமையாசிரியர், அண்ணன்மார் எஞ்சினியர்கள், குடும்பம் கௌரவமானது, தங்கள் மேலான கருணையை வேண்டி நிற்கிறேன். கலியாணத் தரகருக்கு எழுதியதுபோல் இருந்தது.

"இதில உம்மைக் காணேல்லையே" என்றேன்.

பின்னர் அதைக் கிழித்துப்போட்டு, உங்கள் வீட்டுக் கிணறு உப்பான கதையை எழுதினீர். தேத்தண்ணீர் எப்போது கரிக்கத் தொடங்கியது, பக்கத்துத் தோட்டத்தில் மிஷின் பூட்டி இறைத்த பிறகு என்ன ஆனது, போத்தலில் எடுத்துப்போய் ஆய்வுகூடத்தில் எப்படிச் சோதித்தீர் என்றெல்லாம். வாசித்து முடித்ததும் நீர் போய்விடுவீர் என்று தெரிந்துவிட்டது. பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து உமது பட்டத்தின் பெறுபேற்றுப் பத்திரம் வரவேண்டியிருந்தது. சண்டையால் தபால் ஓடவில்லை. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கடைசி நாளுக்கு முதல் நாள்தான் அதைக் கொண்டுவந்து தந்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை. சட்டத்தரணியின் கந்தோர் திறந்ததும் பிரதியில் கையொப்பம் வாங்கிக்கொண்டு, ட்யூப் ரயில் பிடித்து, விண்ணப்பம் வாங்கும் அலுவலகத்துக்கு ஓடினோம். பன்னிரண்டுக்குப் பூட்டிவிடுவார்கள். வாசலுக்கு வந்தபோது மணி பத்து நாற்பது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம்.

படியில் நின்றுவிட்டேன். ராகுகாலம் பாராமல் புதுச் சட்டைகூடப் போடாதவன் நான். குறுக்கே நிற்கிறேன் என்று நினைத்தீரோ என்னவோ, இவ்வளவு பாடுபட்டது கைகூடாமல் போய்விடுமே என்றுதான் பயந்தேன். நீர் கோபிக்கவில்லை. என் கக்கத்தில் இருந்த பத்திரிகையை உருவி, காலநிலைப் பகுதியைத் தேடினீர்.

"இஞ்சாருங்கோ, இஞ்ச சூரியன் எட்டு மணிக்கு எழும்புது, நாலு மணிக்குப் படுக்குது. ராகு மட்டும் யாழ்ப்பாண நேரத்துக்கோ ஷிப்டுக்கு வரும்?"

பத்திரிகை ஓரத்தில் பகலை எட்டாகப் பிரித்தீர். வெள்ளிக்கிழமை ராகுவுக்கு நாலாம் பங்கு.

"பதினொண்டுக்குத்தான் தொடங்குது. இன்னும் நேரம் இருக்கு. வாறியளோ, நான் தனியப் போறதோ?"

போனோம். கொடுத்தோம். வசந்தத்தில் பதில் வந்தது, இலையுதிர்காலத்தில் நீர் விமானம் ஏறினீர். மகளுக்கு இரட்டைப் பின்னல் போட நான் பழகிக்கொண்டேன். படித்து முடித்து வந்து, ஓய்வு பெறும்வரை இந்த ஊர்த் தண்ணீரைச் சோதிக்கும் வேலையில் இருந்தீர். ராகுகாலத்துக்கு முதல் கொடுத்ததால்தான் கிடைத்தது என்று நான் போகிற இடமெல்லாம் சொன்னேன். கிணற்றால் கிடைத்தது என்று நீர் சொன்னீர். அந்த வழக்கு கடைசிவரை தீரவில்லை.

இன்றும் பத்திரிகை எடுத்தால் சூரியன் எழும் நேரத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். போன ஆனியில் தகனசாலையில் உமக்கு வெள்ளிக்கிழமை பத்தரைக்குத்தான் நேரம் கிடைத்தது.

"ராகுகாலத்தில செய்யிறதோ, அத்தான்?" என்று உமது தம்பி தயங்கினார்.

பேனாவை எடுத்துப் பத்திரிகை ஓரத்தில் கணக்குப் போட்டேன். கோடையில் பகல் நீளம், பங்கும் நீளம். ஆனாலும் நாலாம் பங்கு பதினொன்றை ஒட்டித்தான் வந்தது.

"பதினொண்டுக்குத்தான் தொடங்குது. அதுக்கு முதல் செய்யலாம்" என்றேன்.

தம்பி தலையாட்டிவிட்டுப் போனார். நான் அந்தக் கணக்கைத் திரும்பவும் போட்டுப் பார்த்தேன். எங்காவது பிழைத்து, ராகுகாலம் குறுக்கே வந்து, உம்மை இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருக்கச் சொல்லாதா என்று பார்த்தேன். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.