செட்டில் கேட்காத சண்டை

எத்தாளை,
சனிக்கிழமை.

அன்பின் மகன் றொபின்சனுக்கு அம்மா எழுதுவது,

தலவில கோயில் புனித அன்னம்மாள் உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கிறாள் என்ற நம்பிக்கையில் இதைத் தொடங்குகிறேன். இங்கே அப்பா, தம்பி கிளைட்டன், தங்கச்சி நிலானி எல்லோரும் உடம்புக்குச் சுகம். மனதுக்கும் சுகம் என்று எழுதச் சொன்னால் நிலானி பேனையைக் கீழே வைத்துவிடுவாள், அதனால் அதை விட்டுவிட்டேன். நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள், பிறகு படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள். போனில் கதைக்கலாம்தான், ஆனால் இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று கதைத்தாலும் கிளைட்டனின் காதில் விழும், நீயும் ஓம் அம்மா, ஓம் அம்மா என்றுவிட்டு வேலைக்கு நேரமாகிறது என்று வைத்துவிடுவாய். நாப்போலியில் இப்போது குளிர் தொடங்கியிருக்கும், கழுத்தை மூடிக்கொண்டு போ. நீ சைக்கிளில் போகும் படத்தை நிலானி காட்டினாள், அந்தப் பெரிய ஹெட்போனைக் காதில் மாட்டியிருந்தாய். தெருவில் அதை மாட்டாதே மகன். பின்னால் பஸ் வந்தாலும் உனக்குக் கேட்காது. காதை மூடிக்கொண்டு போகிறவர்களைப் பற்றி எனக்கு இப்போது பெரிய பயம், ஏன் என்று சொல்கிறேன்.

நீ இங்கே இருந்தபோது வீட்டு ஓடு அதிரப் போட்டுக் கேட்பாயே, அந்த நோர்வேக்காரர், ஹால்வார்ட் என்கிற மெட்டல் பாட்டுக் கூட்டம், அதைத் தம்பிக்கும் ஜபார் நானாவின் மகன் நஜாத்துக்கும் பழக்கிவிட்டது நீதான். அவர்களுடைய எந்த அல்பம் நல்லது என்று மூன்று பேரும் முற்றத்தில் கத்துவீர்கள். நீ போன பிறகு இவர்கள் இரண்டு பேரும் அந்தச் சண்டையைக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வலையைப் போட்டுவிட்டு இழுக்கும் வரைக்கும் சும்மாதானே இருக்க வேண்டும், தம்பி நம்முடைய போட்டில் இருந்தும் நஜாத் தன் வாப்பாவின் போட்டில் இருந்தும் வயர்லெஸ் செட்டில் கதைப்பார்கள். அப்பா கரையில் நம்முடைய வாடிக் கொட்டிலில் ஒரு செட் வைத்திருக்கிறார் அல்லவா, கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டே நான் எல்லாம் கேட்பேன். டேய், உன்ட திமிங்கில எலும்பு அல்பம் முழுக்க ஒரே பாட்டுத்தானேடா, அது முடியிறதுக்குள்ள மீனெல்லாம் இந்தியாவுக்குப் போயிரும் என்பான் நஜாத். உன்ட சிவப்புக் கதவு அல்பத்தில அந்தப் பாட்டு இந்தப் பாட்டோட கதைக்காது, கூறு போட்ட மீன் மாதிரிக் கிடக்கு என்பான் தம்பி. பழைய மேளக்காரன் போன பிறகு ஹால்வார்ட்டே இல்லை என்பான் அவன், புதியவன் அடிப்பதை எண்ணத் தெரியாதவன்தான் அப்படிச் சொல்வான் என்பான் இவன். இடையில் ஜபார் நானா செட்டைப் பறித்து, ரெண்டு பேரும் வாயப் பொத்துங்கடா, நான் றால் வெல கேக்கோணும் என்று ஏசுவார். எனக்கு அந்தப் பாட்டில் ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் அந்தச் சண்டை கேட்கும் வரைக்கும் இரண்டு போட்டும் தண்ணீருக்கு மேலே நிற்கிறது என்று எனக்குத் தெரியும். செபமாலை சொல்லும்போதுகூட ஒரு காதை அதில்தான் வைத்திருப்பேன்.

போன மாதம் ஹால்வார்ட் ரசிகர் குறூப்பில் எது சிறந்த அல்பம் என்று வாக்கு வைத்தார்களாம். நீ மிலானோவுக்குப் போய் அவர்களை நேரில் பார்த்த படத்தைப் போட்டு, சிவப்புக் கதவுதான் சிறந்தது என்று நீளமாய் எழுதியிருந்தாய். நிலானி வாசித்துக் காட்டினாள், நன்றாய்த்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் முடிவில் ஒரு வரி எழுதினாய் மகன். மூன்றாவது அல்பமான திமிங்கில எலும்பு நல்லது என்பவர்கள் என் தம்பியைப் போல இஞ்சின் இரைச்சலுக்குள் ஒற்றைக் காதால் பாட்டுக் கேட்கிறவர்கள், அவர்களுக்கு எதுவும் நன்றாகத்தான் இருக்கும் என்று. எத்தனையோ பேர் சிரித்திருந்தார்கள். நஜாத் அதைப் போனில் ஏற்றிக்கொண்டு போய், கடலில் வலை போட்ட பிறகு, எல்லாப் போட்டுக்கும் கேட்கும்படி செட்டில் வாசித்தான். அவனும் கெட்ட எண்ணத்தில் வாசிக்கவில்லை. தம்பி திருப்பி ஏசுவான், பொழுது போகும் என்று நினைத்திருக்கிறான். தம்பியோ பற்றறியில் இருந்து செட்டின் வயரைக் கழற்றிவிட்டான். அன்றிலிருந்து நம்முடைய போட் கடலில் ஊமை. அப்பா சொல்லிப் பார்த்தார், நான் அழுதும் பார்த்தேன். பழுதாய்ப் போச்சு அம்மா, பிறகு பாக்கிறன் என்றான். அவனோடு கடலுக்குப் போகும் யோசேப்பு மாமாவுக்குக் காது மந்தம் என்று உனக்குத் தெரியும், செட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான்.

இந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு நினைக்காத நேரத்தில் கச்சான் காற்று எழும்பியது. கடல் கறுத்து, கரையில் நின்றவர்களின் சாரத்தைப் பிடுங்குகிற காற்று. செட்டில் ஒருவரை ஒருவர் கூப்பிட்டு எல்லாப் போட்டும் கரைக்குத் திரும்பின. நம்முடையது மட்டும் வரவில்லை. நஜாத் தங்கள் போட்டில் இருந்து தம்பியைக் கூப்பிட்டிருக்கிறான், பதில் இல்லை. இன்னும் கோவத்தில இருக்கான் என்று நினைத்து வந்துவிட்டான். கரையில் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். உங்கட அப்பாவும், செட்டை மூடி வச்சிட்டு முறுகிக்கொண்டு வருவான், பாரு என்றார். யோசித்துப் பார் மகன், முன்னெல்லாம் ஒரு போட் சத்தம் போடாவிட்டால் அடுத்த நிமிடம் நாலு போட் தேடிப் போகும். இவன் சத்தம் போடாமல் இருப்பது எல்லோருக்கும் பழகிப்போய்விட்டது. என் பிள்ளை சாகக் கிடந்தாலும் கோபித்துக்கொண்டிருக்கிறான் என்றுதான் இவர்கள் நினைப்பார்கள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நான் வாடிக்குள் ஓடிப்போய்ச் செட்டை எடுத்தேன். ஒரு நாளும் அதைத் தொட்டதில்லை, நிலானிதான் எங்கே அமத்துவது என்று காட்டினாள். கிளைட்டன், அம்மா கதைக்கிறன், எங்க மகன் நிக்கிறாய் என்றேன். இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு என்ன சொல்வதென்று தெரியவில்லை, வாயில் வந்ததைச் சொன்னேன். மூன்றாவதுதான் நல்லம் மகன், திமிங்கில எலும்புதான் நல்லம், நீ சொன்னதுதான் சரி, வா என்று கத்தினேன். அது எல்லாப் போட்டின் செட்டிலும் கேட்டிருக்கும். கரையில் நின்ற ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நஜாத்தின் தாய் றஹ்மத் உம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, அழாத புள்ள, அல்லாஹ் ஈக்கிறான் என்றா. அதற்குள் நஜாத் திரும்பவும் போட்டை இறக்கிவிட்டான், ஜபார் நானா தடுக்கவில்லை, அவரும் ஏறிக்கொண்டார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு உச்சமுனைக்காரர் ஒருவரின் போட் நம்முடையதைக் கட்டி இழுத்து வந்தது. இஞ்சின் விசிறியில் வலைக்கயிறு சுற்றி, இழுபட்டுப் போய் அந்தப் பக்கம் மிதந்திருக்கிறார்கள். தம்பியின் உள்ளங்கை கயிறு வெட்டித் திறந்து கிடந்தது, தையல் போட்டிருக்கிறது, பயப்படாதே. நஜாத்தும் தேடிக் களைத்துப் பிறகு வந்து சேர்ந்தான். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். தேத்தண்ணி குடிக்கும்போது யோசேப்பு மாமா சொன்னார், இஞ்சின் நிண்ட உடன நான் சொன்னன், செட்டக் கொழுவு மகன் எண்டு, அவனும் குனிஞ்சு வயரப் பிடிச்சுப் போட்டு, கூப்பிட்டுப் பாத்தன் மாமா, ஒருத்தரும் எடுக்கேல்ல எண்டான், என்ன சனமப்பா நீங்க என்று. நாங்கள் எல்லோரும் வாடியில் செட்டுக்குப் பக்கத்தில்தான் நின்றோம். ஒரு குரலும் வரவில்லை. அப்பா தம்பியைப் பார்த்தார், தம்பி நிலத்தைப் பார்த்தான்.

அவன் கூப்பிடவே இல்லை, மகன். அலை போட்டுக்குள் விழுந்துகொண்டிருக்க, வயர் கையில் இருக்க, போனுக்குச் சிக்னலும் இல்லாத இடத்தில், காது கேளாத மனிதருக்கு ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கிறான். கூப்பிட்டால் முதலில் சிரிப்புத்தான் கேட்கும் என்று பயந்திருக்கிறான். காற்றுக்குக் கூட நான் இவ்வளவு பயப்படவில்லை. காற்று வரும், போகும். இது அவனுக்குள்ளே இருக்கிறது. திங்கட்கிழமை திரும்பவும் போகப் போகிறான், கைக்குத் துணி சுற்றிக்கொண்டு போவேன் என்கிறான், மறித்தால் கேட்கமாட்டான். வயர் இன்னும் கழன்றுதான் கிடக்கிறது, காலையில் போய்ப் பார்த்தேன்.

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. பகிடியாய் எழுதியது இப்படி வந்து முடியும் என்று ஆருக்குத் தெரியும். நஜாத்தும் வாசல்வரை வந்து உள்ளே வராமல் நின்று, நான் பகிடிக்குத்தான் வாசிச்சேன் மாமி என்று அழுதுவிட்டுப் போனான். நீ தம்பியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், மூன்றாவது அல்பம்தான் நல்லது என்று குறூப்பில் எழுத வேண்டும் என்று சொல்லத்தான் முதலில் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். நிலானி பேனையை நிறுத்திவிட்டாள். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காத பிள்ளை, கம்பசிலும் கடைசி வாங்கில் இருந்து படித்து முடித்தவள், வேண்டாம் அம்மா என்றாள். அந்தக் குறூப்பில் எழுதுவதையெல்லாம் அவள் சத்தமில்லாமல் வாசித்துக்கொண்டிருப்பாளாம். நீ சொன்னது சரி என்று யாராவது சொன்னால் அந்தப் பிள்ளைகள் அத்தோடு பேச்சை நிறுத்திவிடுவார்களாம், பிழை என்று சொன்னால்தான் விடியும்வரை எழுதுவார்களாம். அண்ணா இப்ப ஒத்துப்போனா, அம்மா அழுது சொல்ல வச்சது எண்டு கிளைட்டனுக்கு விளங்கிரும், பிறகு செட்டை ஒரு நாளும் போடமாட்டான் என்றாள். நான் பெற்றதில் இவள்தான் கூடக் கவனிக்கிறவள் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

அதனால் இப்படிச் செய் மகன். மூன்றாவது அல்பம் சரியில்லை என்று திரும்பவும் எழுது. ஆனால் இஞ்சினையும் காதையும் பற்றி எழுதாதே. பாட்டைப் பற்றி எழுது, அவனை உனக்குச் சமமான ஒருவனாய் வைத்து எழுது. அந்த நீளப் பாட்டு முடியும்போது தொடக்கத்தில் வந்த இராகமே திரும்பி வருகிறதாமே, அது எனக்கு விளங்கவில்லை, ஏன் அப்படிப் போட்டார்கள், தெரிந்தால் சொல் என்று கேள். அதற்கு அவனிடம் பதில் இருக்கிறது, செட்டில் நஜாத்துக்கு எத்தனை தரம் சொன்னான், நான் கேட்டிருக்கிறேன். எழுதியதைக் குறூப்பில் போடாமல் நஜாத்துக்கு மட்டும் அனுப்பு. தம்பிக்கு ஒரு வரி போதும், உனக்குப் பதில் எழுதியிருக்கிறேன், திங்கட்கிழமை கடலில் நஜாத் வாசிப்பான் என்று. செட்டைப் போட்டால்தான் அவனுக்கு அது கேட்கும். நஜாத்திடம் நிலானி சொல்லிவிட்டாள், சிரிக்காமல் வாசிப்பேன் என்று உம்மாவின் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணியிருக்கிறான்.

கர்த்தரின் கிருபையும் அன்னம்மாளின் காவலும் எப்போதும் உன்னோடு இருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, தெருவில் ஹெட்போன் வேண்டாம். நாளைக் காலைப் பூசை முடிவதற்குள் நஜாத்துக்கு அனுப்பிவிடு, மறக்காதே. திங்கட்கிழமை நான் வாடியில் செட்டுக்குப் பக்கத்தில் இருப்பேன். தம்பி உன்னை ஏச வேண்டும் மகன், எல்லாப் போட்டுக்கும் கேட்க, வாய் ஓயாமல் ஏச வேண்டும்.

அதைக் கேட்கக் காத்திருக்கும்
உன் அம்மா
பே. றோசமேரி