ஐந்து என்றால் எந்த ரத்தம்?

ஜூலை 4, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கரண்ட் போவதும் வருவதுமாக. பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டரில் ரத்தக் கொடையாளர் பட்டியல் செய்கிறோம். எந்த வடிவத்தில் சேமிப்பது என்று எனக்கும் குணாவுக்கும் வாக்குவாதம். என் கட்சி: யார் திறந்தாலும் படிக்கிற மாதிரி முழு எழுத்தில்.

“ஓ நெகடிவ், ஏபி பாசிட்டிவ்னு எழுதிகினே போனா ஃப்ளாப்பி ரொம்பிடும் ஸ்டெல்லா. வகைக்கு ஒரு நம்பர். எது இன்னான்னு புரோகிராமுக்குத் தெரியும்.”

“புரோகிராம் இல்லாம போனா?”

“அது எங்க பூடப் போவுது?”

அவன் சீனியர். விட்டுக்கொடுத்தேன். குடையை ஆபீசில் மறந்துவிட்டேன்.

மார்ச் 6, திங்கள்

ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் எரிந்துவிட்டதாம். புரோகிராம் போச்சு. பொங்கலோடு குணா சிங்கப்பூர் போனதும், எங்கள் ஆபீசில் புரோகிராம் இருந்த அவன் டிஸ்கையும் வேறு வேலைக்காக அழித்திருக்கிறார்கள். மிச்சம், பட்டியல் இருக்கும் ஃப்ளாப்பி. திறந்தேன். பெயர், போன் நம்பர் தெரிகிறது. ரத்த வகைக்கு வெறும் 3, 5, 1.

நர்ஸ் ஜெயந்தி: “அதான் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சேன்னு ரத்த வகை எழுதின அட்டையெல்லாம் பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுட்டோமேம்மா!”

மார்ச் 7, செவ்வாய்

வெயில். காலையில் ஜெயந்தி போன். சென்னீர்குப்பத்துப் பெண், பிரசவத்தில் ரத்தப்போக்கு. ஓ நெகடிவ் உடனே வேண்டும். குணாவின் அண்ணனிடம் நம்பர் வாங்கி சிங்கப்பூருக்குப் பேசினேன்.

“எதுக்கு எந்த நம்பர்னு ஞாபகமே வர்ல ஸ்டெல்லா.”

பட்டியலில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வகையைக் கேட்டேன். பாதிப் பேர் வேலைக்குப் போயிருந்தார்கள். மத்தியானம் தாண்டித்தான் மற்ற ஏழு எண்களும் தெளிந்தன; மிச்சம் ஐந்து, அதுதான் ஓ நெகடிவ். அந்த எண்ணில் ஒரே ஒருவர், திருமுல்லைவாயில் வாத்தியார். வகுப்பை விட்டுவிட்டு ஆட்டோவில் ஓடினார்.

தாய் பிழைத்தாள். குழந்தை இல்லை.

மார்ச் 9, வியாழன்

குழந்தை போனது ரத்தம் தாமதமானதால் அல்ல என்கிறார் டாக்டர். எனக்காகச் சொல்கிறாரோ. பட்டியலை முழு எழுத்தில் மாற்றிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் ஒரே ஃப்ளாப்பியில் அடங்குகிறது. இடம் மிச்சம்கூட.

சாயங்காலம் குணாவே கூப்பிட்டான். “ஆள் கெடச்சுதா? அந்தம்மா நல்லா கீறாங்களா?”

சொன்னேன். குழந்தை போனதையும்.

பிறகு, “அன்னிக்கு நீ இன்னும் கொஞ்சம் சண்ட போட்டிருக்கலாமே ஸ்டெல்லா.”

ஆமாம் என்றேன்.