நாலரை கிலோ அழுத்தம்

கோபர்க்,
6 நவம்பர் 2023

அன்புள்ள சிக்ரூனுக்கு,

நலம்தானே? தொலைபேசியில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டையில் போய் நிற்கிறது. உன் வக்கீலும் எதுவானாலும் எழுத்தில் சொல்லச் சொல்லியிருக்கிறார். அதனால் பென்சிலை எடுத்துவிட்டேன்.

நீதிமன்றத் தாள் வந்தது. மார்ச் 14, காலை பத்து மணி. விவாகரத்துக்கு என் சம்மதம் கேட்டிருக்கிறார்கள். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போட மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மேஜை மேல் கிடக்கிறது.

இப்போது வேலை விஷயம். காரின் உடலுக்குள் வயர்க் கட்டுகளை ரோபோவே பொருத்த வேண்டும் என்று உங்கள் தொழிற்சாலை கேட்கிறது. கதவைப் பொருத்துகிறது, கண்ணாடியை ஒட்டுகிறது, ஆனால் வயரைக் கையில் கொடுத்தால் ரோபோ திணறுகிறது. வயர் துவண்டு விழும், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வளையும். அதனால் வயரை விட்டுவிட்டு, அதைத் தகட்டில் பிடித்து வைக்கும் கிளிப்பை மாற்றச் சொல்லி என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். என் முதலாளி டூலரை உனக்குத் தெரியுமே. "இது நடக்கலைன்னா கடையச் சாத்திட்டு நாம எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்கிறார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

டிசம்பர் தொடக்கத்தில் உங்கள் தொழிற்சாலைக் கூடத்தில்தான் சோதனை. வயர்க் கட்டுகளை எடுத்துக் கொடுக்கும் இடத்தில் உன் பெயரைப் பார்த்தேன். அந்தக் கிளிப்பைக் கையால் போடும்போது விரல் என்னென்ன செய்கிறது என்று எழுதுவாயா? கையேட்டில் உள்ளது எனக்குத் தெரியும். கையேட்டில் இல்லாததுதான் வேண்டும்.

கை எப்படி இருக்கிறது?

டெட்லெஃப்


ஆல்டென்பர்க்,
14 நவம்பர்

டெட்லெஃபுக்கு,

ரோபோவின் கையைப் பற்றி ஒரு பக்கம். என் கையைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி. பரவாயில்லை, கேட்டாயே.

இடது கையால் எழுதுகிறேன், எழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள். வலது கட்டைவிரலின் அடி மூட்டை அறுத்துச் சரி செய்து எட்டு மாதம் ஆகிறது. ஜாடி மூடியைத் திறக்கப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறேன். வேலையில் என்னைச் சூட்டு அலமாரிக்கு மாற்றிவிட்டார்கள். குளிரில் விறைத்து வரும் வயர்க் கட்டுகளை வெதுவெதுப்பாக்கிக் கொடுப்பதுதான் என் வேலை. ரொட்டிக் கடைக்காரி மாதிரி நாள் முழுக்க அலமாரிக் கதவைத் திறந்து திறந்து மூடுகிறேன்.

விரல் என்ன செய்யும் என்று கேட்டாய். முதலில் துளையைக் கண்ணால் தேடாது, கிளிப்பின் முனையாலேயே தடவிக் கண்டுபிடிக்கும். பிறகு அழுத்தும். 'டிக்' என்று கேட்கும் வரை விடாது. கேட்ட பிறகும் நம்பாது, ஒரு தரம் பின்னால் இழுத்துப் பார்க்கும். அழுத்து, கேள், இழு. புதிதாக வருபவர்களுக்கு, வரிசையில் கிளிப் போடும் இல்கா இதைத்தான் சொல்லிக் கொடுப்பாள். கையேட்டில் 'அழுத்து' மட்டும்தான் இருக்கிறது, நேரம் மிச்சம் என்று மற்ற இரண்டையும் எடுத்துவிட்டார்கள்.

ஒரு வண்டிக்கு ஒன்பது கிளிப். ஒரு ஷிஃப்டில் நானூறு வண்டி. கணக்கில் நீதான் கெட்டிக்காரன்.

புதுக் கிளிப்புக்கு எவ்வளவு அழுத்தம் வேண்டும்?

சிக்ரூன்


கோபர்க்,
9 டிசம்பர்

அன்புள்ள சிக்ரூனுக்கு,

தேறிவிட்டது! மூன்று நாள், இருநூறு வண்டி, ஆயிரத்து எண்ணூறு கிளிப். ஒன்றுகூடக் கழன்று வரவில்லை. டூலர் எல்லோருக்கும் தன் காசில் மது வாங்கித் தந்தார். அவரிடம் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இப்படி ஒரு அதிசயத்தை நான் பார்த்ததில்லை.

நீ எழுதியது உதவியது. முனையைக் கூம்பாக நீட்டினேன், துளை இரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் தானே வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. கிளிப்பின் இடுப்பில் அகலமான ஒரு பட்டை வைத்தேன். ரோபோ வயரைத் தொடவே வேண்டாம், பட்டையைப் பிடித்தால் போதும். இழுத்துப் பார்க்கும் படியை மட்டும் சேர்க்க முடியவில்லை. அதற்கு ஒன்றரை நொடி ஆகிறதாம், உங்கள் ஆட்கள் தர மாட்டோம் என்றார்கள்.

அழுத்தம் கேட்டிருந்தாய். இரண்டு கிலோ. பழையதற்கு நாலரை. இரண்டுக்கு மேல் போனால் ரோபோவின் பிடி நழுவுகிறது.

அலமாரிப் பக்கம் உன்னைப் பார்த்தேன். கையில் கட்டுப் பட்டை போட்டிருந்தாய். காபி நேரத்தில் வருவாய் என்று இரண்டு கோப்பை வாங்கி வைத்திருந்தேன். இரண்டையும் நானே குடித்தேன்.

ஜன்னலில் கிறிஸ்துமஸ் வில்விளக்கு ஏற்றியாயிற்றா? இடமிருந்து மூன்றாவது பல்பு எப்போதும் தகராறு செய்யும், கொஞ்சம் திருகிவிடு.

உன்,
டெட்லெஃப்


ஆல்டென்பர்க்,
17 டிசம்பர்

டெட்லெஃபுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு முறை தொடங்கிக் கிழித்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் சோதனை செல்லாது.

வயர்க் கட்டுகளைச் சூடாக்காமல், வந்தபடியே கொடுக்க வேண்டும் என்று அலமாரிக் கதவில் தாள் ஒட்டியிருந்தார்கள். ரோபோ வரும் புதுக் கூடத்தில் சூட்டு அலமாரியே கிடையாது. முதல் நாள் காலை முதல் வண்டிக்கானதை நான் அலமாரியில் வைத்து எடுத்துத்தான் கொடுத்தேன். அது பழக்கம். கை தானாகச் செய்தது. அரை மணி கழித்துத் தாள் கண்ணில் பட்டது.

அப்போதே சொல்லியிருக்கலாம். நிமிர்ந்து பார்த்தேன். நீ கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றாய், முழங்கையில் ஓட்டை விழுந்த அதே சாம்பல் ஸ்வெட்டரில், மூச்சுக்கூட விடாமல் ரோபோவைப் பார்த்துக்கொண்டு. இந்த மனுஷன் தோற்றுப்போக வேண்டாம் என்று தோன்றியது. மூன்று நாளும் சூடாக்கியே கொடுத்தேன்.

குளிர்ந்த வயர் கம்பி மாதிரி நிமிரும். ரோபோ கையை விட்டதும் கிளிப்பைப் பக்கவாட்டில் இழுக்கும். பாதி வெளியே வந்தாலும் உன் அழுத்த மீட்டர் 'சரி' என்றுதான் சொல்லும், ஏனென்றால் அழுத்தியபோது சரியாகத்தானே இருந்தது. பிறகு பிப்ரவரியில் இல்காவும் மற்றவர்களும் வண்டிக்குள் குனிந்து அத்தனையையும் கையால் திரும்ப அழுத்துவார்கள்.

உன்மேல் இருக்கும் கோபம் அப்படியேதான் இருக்கிறது. அதையும் வைத்துக்கொண்டு இதையும் செய்தேன், ஏன் என்று என்னைக் கேட்காதே. அறிக்கையில் என் பெயரை எழுதுவதானால் எழுதிக்கொள்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். மூன்றாவது பல்பு எரியவில்லை. திருக என் கட்டைவிரலால் முடியாது.

சிக்ரூன்


கோபர்க்,
22 ஜனவரி 2024

அன்புள்ள சிக்ரூனுக்கு,

சொல்லிவிட்டேன். அறிக்கை போவதற்கு முந்தின நாள் டூலரின் அறைக்குப் போய், வயர்க் கட்டுகள் சூடாக்கப்பட்டிருந்தன, சோதனை நிலைமையை நான் சரிபார்க்கவில்லை, தவறு என்னுடையது என்றேன். உன் பெயரைச் சொல்லவில்லை. அவர் கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. "உனக்கு ரிட்டயராக இன்னும் நாலு வருஷந்தான் இருக்கு டெட்லெஃப், வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல" என்றார்.

போன வாரம் திரும்பச் செய்தோம். வெளியே மைனஸ் ஏழு. லாரியிலிருந்து இறக்கியதை அப்படியே கொடுத்தோம். தொள்ளாயிரத்தில் நாற்பத்தொன்று பாதி கழன்றது. நீ சொன்னபடியேதான், பக்கவாட்டில். உன்னை வேறு ஷிஃப்டுக்கு மாற்றியிருந்தார்கள். ஒரு கோப்பைதான் வாங்கினேன்.

உங்கள் ஆட்கள் ஐந்து வாரம் அவகாசம் தந்திருக்கிறார்கள். தேறாவிட்டால் வேறு நிறுவனத்துக்குப் போய்விடுவார்களாம். இங்கே முப்பத்தொரு பேர் வேலை பார்க்கிறோம், ஒருவரும் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. ரொம்பக் களைத்துவிட்டேன். இதைச் சொல்ல வேறு யாரும் எனக்கு இல்லை.

உன்,
டெட்லெஃப்


ஆல்டென்பர்க்,
27 ஜனவரி

டெட்லெஃப்,

வயர் எப்படி வேண்டுமானாலும் முறுக்கிக்கொள்ளட்டும். அதைப் பிடித்திருக்கும் கிளிப்பின் தலை அதோடு சேர்ந்து திரும்பினால், துளைக்குள் இருக்கும் கால் ஏன் அசையப் போகிறது? நாங்கள் கையால் போடும்போது கட்டைவிரலுக்கு அடியில் வயரைக் கொஞ்சம் திரும்ப விடுவோம். அதைச் சொல்ல மறந்துவிட்டேன். எங்களுக்கே தெரியாமல் செய்கிற வேலை.

இழுத்துப் பார்க்காமல் விடாதே. ஒன்றரை நொடிக்குச் சண்டை போடு.

சூப் வைத்துச் சாப்பிடு. நீ ரொட்டியை மட்டும் தின்றுவிட்டுப் படுக்கிற ஆள்.

சிக்ரூன்


கோபர்க்,
26 பிப்ரவரி

என் அன்புள்ள சிக்ரூனுக்கு,

கழுத்துச் சுழலும் கிளிப், இழுத்துப் பார்க்கும் ரோபோ. பனியில் கிடந்த வயர்க் கட்டு, ஆயிரத்து எண்ணூறு கிளிப், கழன்றது ஒன்றுமில்லை. வியாழக்கிழமை அவர்கள் கையெழுத்திட்டார்கள். முப்பத்தொரு பேரும் பிழைத்தோம். இது பாதி உன் கிளிப். டூலரிடம் அப்படியே சொன்னேன், இந்தத் தடவை உன் பெயரோடு.

இன்னொன்று சொல்ல வேண்டும். புது அறிக்கையோடு இணைக்கப் பழைய கிளிப்பின் கோப்பைத் தேடி எடுத்தேன். 2002 ஏப்ரல். நமக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். நினைவிருக்கிறதா, துளை போட்ட ஒரு தகட்டையும் ஒரு பை கிளிப்பையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையலறை மேஜையில் உன்னை அழுத்திப் பார்க்கச் சொன்னேன். இருபது போட்டாய். பிறகு விரலை உதறிக்கொண்டு, "வலிக்குதுப்பா, நகத்துக்கு அடியில சுள்ளுங்குது. இத நாள் பூரா யாரு போடுவா?" என்று கேட்டாய். நீ அப்போதுதான் அந்தத் தொழிற்சாலையில் சேர்ந்திருந்தாய்.

கோப்பில் என் கையெழுத்தில் இருப்பது இதுதான்: 'சோதித்தவர்: பெண், வயது 29. அழுத்தம் நாலரை கிலோ, வரம்புக்குள். குறை எதுவும் சொல்லவில்லை.'

கிளிப் வார்க்கும் அச்சை மாற்றினால் இரண்டு மாதம் தாமதமாகும். மீட்டர் வரம்புக்குள் காட்டியது. மீட்டரை எழுதினேன், உன்னை எழுதவில்லை. நான்கு வருடத்துக்கு முன் நீ கையைக் காட்டி, உன் கிளிப்தான் இதைத் தின்றது என்று கத்தியபோதும் வரம்புக்குள்தானே இருக்கிறது என்றுதான் சொன்னேன். அந்த வார்த்தைக்காகத்தான் நீ என்னைப் போகச் சொன்னாய். நீ சொன்னது சரி. தப்பு என்னுடையது, சிக்ரூன். மன்னித்துவிடு.

இந்தப் பொட்டலத்தில் புதுக் கிளிப் ஐந்து இருக்கிறது. அந்தப் பழைய தகடும் இருக்கிறது, இத்தனை நாள் என் மேஜை இழுப்பறையில் கிடந்தது. அழுத்திப் பார். கையால் போடும் மற்ற வரிசைகளுக்கும் இதையே கொடுக்கலாம் என்று டூலரிடம் கேட்டிருக்கிறேன். "யாரு கேட்டா?" என்கிறார்.

நீதிமன்றத்தில் போட்ட மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்வாயா? நான் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். ஜாடி மூடிகளைத் திறந்து தருகிறேன், மூன்றாவது பல்பைத் திருகிவிடுகிறேன். வேறு பெரிதாக எதற்கும் நான் உதவ மாட்டேன் என்பது உனக்கே தெரியும்.

என்றும் உன்,
டெட்லெஃப்


ஆல்டென்பர்க்,
5 மார்ச்

அன்புள்ள டெட்லெஃபுக்கு,

பொட்டலம் வந்து நான்கு நாள் ஆகிறது. இரண்டு நாள் பிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், அதே சமையலறை மேஜையில் தகட்டை வைத்தேன். இடது கையால் போடலாம் என்றுதான் எடுத்தேன். பிறகு வலது கையிலேயே மாற்றிக்கொண்டேன், அறுத்த கட்டைவிரலிலேயே.

துளையை அதுவே தேடிக்கொண்டது. லேசாக அழுத்தினேன். டிக். வலிக்கவில்லை, டெட்லெஃப். ஐந்தையும் போட்டேன். ஐந்தும் வலிக்கவில்லை.

சந்தோஷப்படுவேன் என்று நினைத்துத்தானே அனுப்பினாய்? நானும் அப்படித்தான் நினைத்தேன். தகட்டை முன்னால் வைத்துக்கொண்டு காபி ஆறிப்போகும் வரை அழுதேன். கிளிப் என்றால் அப்படித்தான் இருக்கும், அதற்கு யார் என்ன செய்ய முடியும் என்று நினைத்துத்தான் இத்தனை வருடம் பொறுத்துக்கொண்டேன். செய்ய முடியும் என்று இப்போது தெரிந்துவிட்டது. ரோபோவின் பிடி நழுவுகிறது என்றதும் நான்கே மாதத்தில் செய்துவிட்டாயே. நான் உன் எதிரில் உட்கார்ந்து, வலிக்கிறது என்று வாய் திறந்து சொன்னேன்.

மன்னித்துவிட்டேன். அதைப் பற்றி இனி நீ யோசிக்க வேண்டாம். இந்தக் குளிர்காலத்தில் நீ செய்தது எனக்குத் தெரியும், அந்த மனுஷனை எனக்குப் பிடிக்கவும் செய்கிறது. ஆனால் திரும்ப உன்னோடு வாழ என்னிடம் தெம்பு இல்லை. கோபம்கூட இல்லை. ஒவ்வொரு முறை நீ எனக்கு ஒரு மூடியைத் திறந்து தரும்போதும் அந்த மேஜையும் அந்த அறிக்கையும் நினைவுக்கு வரும். அதைத் தினமும் என்னால் முடியாது.

கிளிப்பை யார் கேட்டார் என்று டூலர் கேட்டாரே, எழுதிக்கொள். சோதித்தவர்: இல்கா, வயது 34, மூன்றாவது வரிசை. பழையது வலிக்கிறது என்கிறாள், புதியது வலிக்கவில்லை என்கிறாள். ஐந்தையும் பிடுங்கி எடுத்துப்போய் அவளிடம் கொடுத்தேன். அவள் சொன்னதை அப்படியே எழுது, மீட்டரை அடுத்த வரியில் போட்டுக்கொள். வரிசைகள் எல்லாவற்றுக்கும் மாறும் வரை டூலரை விடாதே. எனக்கு நீ செய்ய வேண்டியது இது ஒன்றுதான்.

மார்ச் 14 அன்று நீதிபதி நம் இருவரையும் ஒரே கேள்விதான் கேட்பாராம், இந்தத் திருமணம் முடிந்துவிட்டதா என்று. உன் முறை வரும்போது, இந்தக் கடைசி அறிக்கையில் எழுதியதுபோல் உள்ளதை உள்ளபடி சொல்.

முடிந்ததும் எதிரில் இருக்கும் கடையில் காபி குடிப்போம். இரண்டு கோப்பை வாங்கு, இந்த முறை வருகிறேன். தட்டை மட்டும் நீ தூக்கிக்கொள், என் கைக்கு அது கனம்.

சிக்ரூன்