புகை தெரியாத றிவோல்வர்

ஸ்கீவ,
27 ஏப்ரல் 2009

அன்பின் அத்தானுக்கு,

செலின் எழுதுவது. நானும் மகள் நிலுஷாவும் சுகம். நீங்களும் சென்னையில் வேளைக்குச் சாப்பிட்டு, லொட்ஜ் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்துச் சுகமாக இருக்க வேண்டும் என்று அந்தோனியாரை மன்றாடுகிறேன். உங்கள் மாமாங்கத்துப் பிள்ளையாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். இந்த விசயத்தில் நான் ஆள் பார்ப்பதில்லை.

நீங்கள் தேடிப் போன சுகந்தனைப் பற்றி ஏதும் தெரிந்ததா? வன்னியிலிருந்து படகில் ஆட்கள் உங்கள் பக்கம் வந்து இறங்கினார்கள் என்று ரேடியோவில் சொன்னால் கை வேலை அப்படியே நின்றுவிடுகிறது. உங்கள் தம்பியின் பெயரைச் சொல்லமாட்டார்களா என்று பார்த்தால், அவர்கள் பெயர் சொல்லுகிறார்களில்லை. இத்தனை பேர் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாட்டுப் போடுகிறார்கள்.

போன் இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். தமிழாட்களின் போனை ஒட்டுக்கேட்கிறார்கள் என்று இங்கே ஒரே கதை. உண்மையோ பொய்யோ, இந்தச் சங்கதியை வாய்விட்டுச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

அத்தான், உங்களுக்கு என்ன விசரா?

நேற்றுப் பின்னேரம் விளையாட்டுக் கழகத் தலைவர் மகேந்திரராசா அண்ணை வந்தார். பெந்தகோஸ்து விடுமுறைக்கு நடக்கிற நம்முடைய விளையாட்டுப் போட்டிக்கு, ஓட்டம் தொடக்கி வைக்கிற றிவோல்வரைக் கேட்டார். நீங்கள் போகுமுன் நகரசபைக் கொம்யூன் மண்டபத்தில் இரவல் எடுத்து வந்து தையல் மெசின் பெட்டிக்குள் வைத்தது. எடுத்துக் கொடுத்தேன். மனிசன் அதை இப்படியும் அப்படியும் திருப்பினார், யன்னல் பக்கம் பிடித்துக் குழலுக்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்தார். முகம் செத்துப் போச்சு. “தங்கச்சி, இதுக்குள்ளால வெளிச்சம் தெரியுது” என்றார். தெரிந்தால் என்ன என்று நான் கேட்டேன். எனக்கென்ன தெரியும்!

பிறகுதான் விளங்கப்படுத்தினார். அந்தக் குழலுக்குள் இரும்பு அடைப்பு ஒன்று இருக்க வேண்டுமாம். அடைப்பு இருக்கிற மட்டும் அது வெறும் சத்தம் போடுகிற சாமான். அடைப்பை எடுத்தால் இந்த டெனிஷ்காரரின் சட்டத்துக்கு அது துவக்கு, சுடுகிற ஆயுதம். “கோணேசன் துளை போட்டு வைச்சிருக்கிறான், தமிழன்ர வீட்டில துவக்கு, அதுவும் இந்த நேரத்தில” என்று சொல்லிக்கொண்டே எழும்பிவிட்டார். தேத்தண்ணி பாதியில் கிடக்கிறது. றிவோல்வரைத் தொடாமல் விரலால் என் பக்கம் தள்ளிவிட்டுப் போனார், பாருங்கள், அதுதான் எனக்குப் பத்தி எரிகிறது.

நீங்கள் ஏன் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும். போன வருசம் நூறு மீற்றரில் கோல்டிங்காரருக்கும் எங்களுக்கும் சண்டை வந்தது இந்தப் புகையால்தானே. சத்தம் பிந்தித்தான் கேட்கும், புகையைப் பார்த்துத்தான் கடிகாரத்தை அமத்த வேண்டும் என்று ஊரில் பள்ளிக்கூடத்தில் பழகினவர்கள் நீங்கள். முடிவுக்கோட்டில் நின்றவர்கள் புகையே தெரியவில்லை என்றார்கள். உடனே என் புருசன், பெரிய எஞ்சினியர், புகை முன்னால் வரட்டும் என்று பக்டரிக்குக் கொண்டுபோய் அடைப்பைத் துளைத்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் புகைக்குப் பின்னால் கரிச்சட்டியைத் தூக்கிக் காட்டச் சொல்லியிருப்பேனே!

கடலில் போட்டுவிடு என்கிறார் மகேந்திரராசா அண்ணை. எப்படிப் போடுவது? இலக்கம் அடித்த சாமான், கழகத்தின் பெயரில் இரவல் எடுத்தது, போட்டி முடியத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் பார்ப்பார்கள். பார்த்தால் உங்கள் பெயர் வரும். நீங்கள் அகதிப் பயணப் புத்தகத்தோடு வெளியில் நிற்கிறீர்கள். துவக்கு வழக்கு ஒன்று விழுந்தால் உங்களைத் திரும்ப உள்ளே விடுவார்களா? எனக்கு அந்த ஒரு பயம்தான். மற்ற எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்ளுவேன்.

நல்ல கைவேலைக்காரன் ஒருவனைப் பிடித்து, இருந்தபடி ஆக்கப் பார்க்கிறேன். நீங்கள் போனில் இதைப் பற்றி மூச்சு விட வேண்டாம்.

உங்கள்
செலின்

ஸ்கீவ,
6 மே 2009

அன்பின் அத்தானுக்கு,

சுகந்தன் இடம்பெயர்ந்து கடற்கரைப் பக்கம் போனதாக யாரோ சொன்னார்கள் என்றீர்கள். அதைக் கேட்ட பிறகு போனில் உங்களோடு ஒழுங்காகக் கதைக்கக்கூட முடியவில்லை. கோபித்திருப்பீர்கள். போனை நிலுஷாவிடம் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன், வேறொன்றுமில்லை.

றிவோல்வர் சங்கதிக்கு வருகிறேன். முதலில் கோல்டிங் சின்னமணிக்குப் போன் எடுத்தேன். உங்களைப்போல அவரும் லேத் வேலைக்காரர்தானே. போனில் துவக்கு என்று சொல்லப் பயந்து, எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்கு ஒரு அடைப்பு வேண்டும் என்றேன். அந்த மனிசன் கடைக்குப் போய் றப்பர் வாங்கச் சொல்லுகிறது! நிலுஷா பக்கத்தில் நின்று விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு நேரில் வந்து பார்த்தவர் சிரிக்கவில்லை. தான் ஈயம் உருக்கி ஊற்றினால் வெடிக்கிறபோது பிய்த்துக்கொண்டு யாருக்காவது படும், துவக்கு வேலையே தொழிலாகச் செய்கிறவன்தான் தொட வேண்டும் என்று சொல்லிவிட்டு, புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

வேட்டைச் சாமான் கடையில் நிலுஷா விசாரித்தாள். ஹொல்ஸ்டப்ரோவுக்கு அங்கால், தோட்டவெளியில், துவக்குத் திருத்துகிற ஒருவர் இருக்கிறார், அவரைப் போல் வேலை தெரிந்தவர் இந்தப் பக்கம் இல்லை என்றார்களாம். முந்தாநாள் போனோம். சாமானைச் சோறு அவிக்கிற குக்கருக்குள் வைத்து, குக்கரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இருந்தேன். பக்கத்தில் இருந்த டெனிஷ் மனிசி என்ன சமையல் என்று அன்பாகக் கேட்டாள். எனக்கு உயிர் போய் வந்தது.

வழி முழுக்க நிலுஷாவுக்குப் பொய் ஒன்று சொல்லிக் கொடுத்தேன். கண்டெடுத்தது என்று சொல்லு பிள்ளை என்றேன். அவள் டெனிஷில் ஏதோ முணுமுணுத்தாள், எனக்கு விளங்கவில்லை. அங்கே போய் நின்றதும், நான் குக்கர் மூடியைத் திறக்க முதல், உள்ளதை உள்ளபடி ஒப்புவித்துவிட்டாள். விளையாட்டுப் போட்டி, புகை, துளை எல்லாம், உங்கள் பெயர் மட்டும்தான் மிச்சம். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பொய் சொல்லப் பழக்காமல் விட்டது எங்கள் பிழைதான்.

அந்த மனிசன் குழலைப் பார்த்தார். திருத்தலாம், ஆனால் பொலிசுக்குச் சொல்லாமல் தான் தொடமாட்டேன், சொல்லாமல் தொட்டால் தன்னுடைய லைசன்ஸ் போய்விடும் என்றார். சொல்லிவிட்டு என் கண் முன்னாலேயே போன் எடுத்தார். அத்தான், அந்த மர வாங்கில் நான் இருந்த இருப்பை ஆண்டவர் ஒருத்தர்தான் அறிவார். சனிக்கிழமைச் செபமாலை முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

பொலிஸ்காரன் ஒருவன் காரில் வந்தான். சின்ன வயது, மரியாதையாகத்தான் கதைத்தான். எல்லாம் எழுதிவிட்டு, துளை போட்டது யார் என்று கேட்டான். நிலுஷா வாயைத் திறக்க முதல் நான் முந்திக்கொண்டேன். நான்தான் என்றேன். எனக்குத் தெரிந்த டெனிஷில், நெஞ்சில் கையை வைத்துச் சொன்னேன். நிலுஷா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிறகு குனிந்துகொண்டு, “ஓம், அம்மாதான்” என்று டெனிஷில் அவனுக்குச் சொன்னாள். என் பிள்ளை சொன்ன முதல் பொய்.

அந்தத் துவக்கு மனிசன் துளையையும் பார்த்தார், முதியோர் இல்லத்தில் படுக்கை தூக்கிக் காய்த்த என் கையையும் பார்த்தார். நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆனால் திரும்பி அடைப்புக்கு அளவு எடுக்கத் தொடங்கிவிட்டார். புது இரும்பு அடைப்பு வைத்து அவர் நேரே கொம்யூனுக்கு அனுப்புவார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும் என்றான் பொலிஸ்காரன். என் வேலைக்கு அதனால் என்ன வருமோ, வருகிறபோது பார்க்கலாம்.

புகைக்கும் அந்தத் துவக்கு மனிசனே வழி சொன்னார். தொடக்கி வைக்கிறவருக்குப் பின்னால் கறுப்புப் பலகை பிடித்தால் புகை பளிச்சென்று தெரியுமாம். கரிச்சட்டி என்று நான் எழுதினேனே, பார்த்தீர்களா! திரும்பி வரும்போது பலகையில் அடிக்கக் கறுப்புத் துணி வாங்கிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு வீடு வீடாக யன்னலில் மெழுகுதிரி. இந்தச் சனத்துக்கு அந்தக் காலத்து உலக யுத்தம் முடிந்த நாள் அது. நிலுஷா எங்கள் யன்னலிலும் ஒன்று கொளுத்தினாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இனி உங்களிடம் கேட்பது ஒன்றுதான். எயார்போட்டில் யார் என்ன கேட்டாலும் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. எல்லாம் இந்த விசர்ப் பெண்சாதி செய்த வேலை.

உங்கள்
செலின்

ஸ்கீவ,
24 மே 2009

அன்பின் அத்தானுக்கு,

லொட்ஜுக்கு எடுத்தால் நீங்கள் அறையை விட்டு வெளியே வருகிறீர்கள் இல்லை, போனுக்கும் வருகிறீர்கள் இல்லை என்கிறார்கள். அதுதான் எழுதுகிறேன். இதையாவது பிரித்துப் படியுங்கள்.

றிவோல்வர் நல்லபடி கொம்யூனுக்குப் போய்விட்டது. யாரும் உங்கள் பெயரைக் கேட்கவில்லை. வேலையிடத்தில் மேலாளர் கூப்பிட்டு விசாரித்தாள். புகைக் கதையைச் சொல்ல, சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். நீங்கள் வருகிற வழியில் இனி ஒரு தடையும் இல்லை.

போட்டி நடக்காது. மகேந்திரராசா அண்ணை வந்து சொன்னார். வன்னியில் எல்லாம் முடிந்த பிறகு யாருக்கும் ஓட மனமில்லையாம். வாசலில் நின்று குழந்தைப் பிள்ளை மாதிரி அழுதார். அன்றைக்கு றிவோல்வரைத் தள்ளிவிட்டுப் போனதற்கு ஏசுவதற்கு நிறைய வைத்திருந்தேன், உள்ளே வந்து இருங்கள் என்றேன். தேத்தண்ணி கொடுத்தேன், இந்த முறை முழுக்கக் குடித்தார். போகும்போது, பலகைக்கு வாங்கின கறுப்புத் துணி இருக்கிறதா தங்கச்சி என்று கேட்டார். அஞ்சலிக்குக் கோப்பன்ஹேகனில் கூடுகிற எல்லோருக்கும் கையில் கட்ட வேண்டுமாம். நானும் நிலுஷாவும் இருந்து கீலம் கீலமாகக் கிழித்துக் கொடுத்தோம்.

கடைசியில் ஒரு கீலம் மிஞ்சியது. நிலுஷா அதைக் கையில் வைத்துக்கொண்டு, அலுமாரிக்கு மேல் இருக்கிற சுகந்தனின் படத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் அதைப் பறித்து அடுப்பில் போட்டுவிட்டேன். அந்தப் படத்தில் யாரும் ஒன்றும் கட்டக்கூடாது. நீங்கள் வரும்வரைக்கும் கட்டவிடமாட்டேன்.

சுகந்தனோடு வாருங்கள். இல்லாவிட்டாலும் வாருங்கள். துளை போட்டது நான்தான் என்று சொன்ன வாயால் சொல்லுகிறேன், அத்தான், வந்துவிடுங்கள்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்
செலின்