முன் காரில் எனக்கொரு இடம்

கர்ட்டிஸ் வீச்சுக்கு,

‘அன்புள்ள’ என்று போட எனக்கு மனம் வரவில்லை. நீ இருக்கும் இடத்தில் இருப்பவனை நலமா என்று கேட்பதும் அசட்டுத்தனம். நான் நலம். என் வீட்டுக்காரர் வெர்னுக்கு முழங்கால் வலி. சோளம் இந்த வருஷம் நன்றாக விளைந்து, அறுவடை பாதிக்குமேல் முடிந்துவிட்டது. நீ எங்கள் பண்ணையில் வேலை பார்த்த காலத்தில் வைக்கோல் கட்டு ஏற்ற நீ ஒருவனே போதும். இப்போது வருகிறவர்கள் மூன்று பேர் சேர்ந்து அரை வேலை செய்கிறார்கள். உன்னைப் பாராட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. உண்மை, அதனால் சொன்னேன்.

சிறையிலிருந்து வந்த உன் கடிதத்தைப் பிரிக்காமல் குப்பையில் போடத்தான் இருந்தேன். வெர்ன் பிரித்துப் படித்துவிட்டு, என் காப்பிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். சரி என்று படித்தேன். நீ கேட்பது ஒன்றுதான். என் மகள் ஜெனெல் கொலையானபோது அவள் நகத்துக்கடியில் சிக்கியிருந்த கொலைகாரனின் தோலை இன்றைய முறையில் சோதித்துப் பார்க்க வேண்டும், அதை நானே வாய்விட்டுக் கேட்க வேண்டும் என்கிறாய். உன் வக்கீல் கேட்டால் மாநில அரசின் தலைமை வக்கீலான அட்டர்னி ஜெனரல் லோவெல் பிராண்ட் மறுக்கிறார், பத்திரிகைக்காரர்கள் கேட்டாலும் மறுக்கிறார், ஆனால் ஜெனெலின் அம்மாவை, அதுவும் தேர்தல் சமயத்தில், அவரால் மறுக்க முடியாது என்று எழுதியிருக்கிறாய். சிறையில் கிடந்தாலும் உன் மூளை மழுங்கவில்லை. அவரால் முடியாதுதான்.

தேர்தலில் அவரை எதிர்த்து நிற்கிற மோரேனோ என்கிற பெண்ணும் போன வாரம் என் சமையலறைக்கு வந்து இதையேதான் கேட்டாள். காலணியில் ஒட்டிய சேற்றை வாசலில் நின்று தட்டித் தட்டி மாளவில்லை அவளுக்கு. “டிவியில ஒரு வார்த்தை சொல்லுங்க போதும், மிசஸ் டீடெமான். ஒரு உயிர் பொழைக்கும்” என்றாள். அவளுக்கு உன் உயிரும் வேண்டாம், என் மகளும் வேண்டாம். பிராண்டின் நாற்காலி வேண்டும், அவ்வளவுதான். “என் பொண்ணோட நகத்தைக் காட்டி நீ ஓட்டு வாங்கணுமா?” என்று கேட்டேன். “பிராண்ட் இத்தனை நாளா எதைக் காட்டி வாங்கினார்?” என்று திருப்பிக் கேட்டாள். அறைந்திருப்பேன். வெர்ன் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

மறுநாளே வெர்ன் எங்கள் வாசல் புல்வெளியில், பிராண்டின் தேர்தல் அட்டையை ஒட்டி அவளுடைய அட்டையையும் நட்டார். டிரக்கைப் பின்னால் எடுக்கிற சாக்கில் நான் அதன்மேல் ஏற்றினேன். அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்களாம். ஒடிந்த குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு வெர்ன், “சோதிச்சுத்தான் பாக்கட்டுமே மார்லிஸ். அவன்தான்னு வந்தா நாம நிம்மதியா தூங்கலாம்ல” என்றார். “அவன் இல்லேன்னு வந்தா?” என்றேன். மனுஷன் குச்சியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

பிராண்டிடம் நான் கேட்கவே இல்லை என்று நினைக்காதே. போன சனிக்கிழமை அறுவடை ஊர்வலத்தில் கேட்டேன். உன்னைத் தண்டித்த வழக்கை நடத்தித்தான் அவர் பெயர் வாங்கினார். அதிலிருந்து அவர் நிற்கிற ஒவ்வொரு தேர்தலிலும், ஊர்வலத்தில் முதலாவதாகப் போகிற, கூரை திறந்த அந்த முன் காரில், அவருக்குப் பக்கத்து இடம் எனக்குத்தான். மடியில் ஜெனெலின் படம் இருக்கும். அவர் கை அசைப்பார். நான் பிள்ளைகளுக்கு மிட்டாய் வீசுவேன். எங்கள் கார் வந்தால் ஆண்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்து நிற்கிறார்கள். மேயர் பெண்டாட்டிக்குக்கூட அந்த மரியாதை கிடையாது. ஜெனெல் உயிரோடு இருந்த காலத்தில் நான் யார்? சர்ச் விருந்துகளில் பாத்திரம் கழுவுகிற மார்லிஸ். என் பெயர்கூடப் பலருக்குத் தெரியாது.

நான் கேட்டபோதும் அவர் கை அசைப்பதை நிறுத்தவில்லை, சிரிப்பும் மாறவில்லை. “நீங்க கேட்டா நான் மாட்டேன்னு சொல்ல முடியாது, மார்லிஸ். ஆனா ரிசல்ட் வேற மாதிரி வந்துட்டா இந்த சீட்ல நீங்க உக்கார முடியாது. நானும்தான்” என்றார். பிறகு அந்தப் பக்கம் திரும்பி யாருக்கோ கை காட்டினார். அந்த மனிதருக்கு உண்மை தெரிய வேண்டாம் என்பது எனக்குப் புரிந்தது. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் மறுபடியும் கூடைக்குள் கையை விட்டு மிட்டாய் எடுத்து வீசினேன்.

ஆகவே என் பதில், மாட்டேன் என்பதுதான். காரணமும் சொல்கிறேன், கேட்டுக்கொள். காலையில் என்னைப் படுக்கையிலிருந்து எழுப்புவது உன்மேல் இருக்கிற வெறுப்புதான், வேறொன்றும் இல்லை. கொன்றது நீ இல்லையென்று ஆகிவிட்டால், அவன் வேறு எவனோ. இதே ஊரில் மளிகைக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நிற்கிறான், என்னைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றுகிறான், நான் வீசிய மிட்டாயை அவன் பிள்ளைகள் பொறுக்கித் தின்கின்றன என்று ஆகும். அதை என்னால் தாங்க முடியாது. நீ அங்கே இருப்பதைத் தாங்க முடிகிறது.

செவ்வாய்க்கிழமை தேர்தலில் பிராண்ட் ஜெயிப்பார். ஜெயித்த கையோடு உனக்கு மரண தண்டனைத் தேதி கேட்டு நீதிமன்றம் போவதாக மேடையில் சொல்லிவிட்டார். நானும் கை தட்டினேன். பனிக்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்கிறார்கள். தண்டனை நிறைவேறுவதைப் பார்க்க வெர்ன் வர மாட்டாராம். நான் வருவேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சாட்சிகளின் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.

கடைசியாக ஏதாவது சொல்கிறாயா என்று உன்னைக் கேட்பார்கள். அப்போது ‘நான் செய்யவில்லை’ என்று மட்டும் சொல்லிவிடாதே, கர்ட்டிஸ். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். என் பக்கம் திரும்பி, ‘மன்னித்துவிடுங்கள்’ என்று சொல். நீ செய்திருந்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி.

கர்த்தர் உனக்குத் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
மார்லிஸ் டீடெமான்