வேலிக்கு இந்தப் பக்கத்து வரி

2002 அக்டோபர் 29, செவ்வாய்

வீட்டு வரி பில் வந்துவிட்டது. பீட்சா கூப்பன்களுக்கு நடுவில் ஒளிந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை குப்பையில் போடவில்லை.

போன வருஷக் கூத்தை நினைத்தால் இன்னமும் கோபமும் சிரிப்பும் சேர்ந்தே வருகிறது. வட்டி வேண்டாம் என்று எட்டு வருஷம் அபார்ட்மென்டில் கிடந்து, மிச்சம் பிடித்து, கடையநல்லூரில் இவங்க பங்குக்கு வந்த மனையையும் விற்று, முழுப் பணம் கொடுத்து இங்கே டெக்சாஸில், ரிச்சர்ட்சனில் இந்த வீட்டை வாங்கினோம். பின்வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டு சேனாபதி அண்ணன், "டாக்ஸ் எல்லாம் லோன்லயே போயிடும் பாய், நாம பார்க்க வேண்டியதே இல்லீங்க" என்றார். அதைக் கேட்டு என் வீட்டுக்காரர் பாரூக், இருபது வருஷ இன்ஜினீயர், என்ன முடிவுக்கு வந்தார்? லோன் கிடையாது, அதனால் டாக்ஸும் கிடையாது! நானும் மண்டையை ஆட்டினேன். வந்த பில்லை விளம்பரம் என்று எறிந்தோம். ஏப்ரலில் அபராதத்தோடு அடுத்த கடுதாசி வந்ததும் இவங்க முகம் போன போக்கு!

இப்போது ஒவ்வொரு வரியையும் நானே படிக்கிறேன். ஸ்கூலுக்கு இவ்வளவு, சிட்டிக்கு இவ்வளவு, கவுன்டிக்கு (நம்மூர் ஜில்லா மாதிரி), காலேஜுக்கு. கடைசியில் ஆஸ்பத்திரிக்கு இருநூற்று எழுபத்துச் சொச்சம்.

ஆஸ்பத்திரிக்கு எதற்கு? நமக்குத்தான் இவங்க கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கிறதே?

2002 நவம்பர் 3, ஞாயிறு

சேனாபதி அண்ணன் சம்சாரம் சாரதாவை வேலியோரம் பிடித்துக் கேட்டேன். அவளுக்கு வரி எவ்வளவு என்றே தெரியவில்லை. மாசா மாசம் லோனோடு போகிறது, அவ்வளவுதான். விடாமல் நச்சரித்து, உள்ளே போய்த் தேடி எடுத்து வரச்செய்தேன். பொள்ளாச்சிக்காரி, பொறுமைசாலி.

இரண்டு தாளையும் வேலி மேல் வைத்துப் பார்த்தோம். அவள் தாளில் ஆஸ்பத்திரி என்ற வரியே இல்லை!

இவங்களிடம் கேட்டால், "நம்ம பின்வேலிதான் எல்லை. இந்தப் பக்கம் டாலஸ் கவுன்டி, அந்தப் பக்கம் காலின் கவுன்டி. ஒவ்வொரு கவுன்டிக்கும் ஒரு கணக்கு" என்று பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்கிறார். ஊரும் ஒன்று, மாநிலமும் ஒன்று. அவள் வீட்டு பீக்கான் மரத்து இலையைக் கூட்டுவது நான். வரி மட்டும் எனக்குக் கூடுதலா?

சிவப்புப் பேனா எடுத்து அந்த ஆஸ்பத்திரி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டு, பக்கத்தில் 'யாருக்கு?' என்று எழுதிவைத்தேன். ரிதா எட்டிப் பார்த்து, "ம்மா, ஆர் யூ மேட் அட் த பேப்பர்?" என்றாள். எட்டு வயசுக்கு நல்ல கண்தான்.

2002 நவம்பர் 17, ஞாயிறு

சாரதா வீட்டிலிருந்து மூன்றாவது வீடு விலைக்கு வருகிறது. இதை விற்று அதை வாங்கலாம் என்று நோன்பு திறந்து கஞ்சி குடித்த கையோடு ஆரம்பித்தேன்.

"இருநூத்தி எழுபது டாலருக்கு வீட்டையே மாத்துவியா?"

"பணமா பெருசு? நியாயம்னு ஒண்ணு இல்லையா?"

"அது இன்சூரன்ஸ் இல்லாதவங்களுக்கான ஆஸ்பத்திரி, தாஜு. ஸதகா மாதிரி நினைச்சுக்கோயேன்."

"ஸதகா நானா மனசு வந்து கொடுக்கிறது. பில் போட்டு வாங்குறதுக்கு வேற பேரு!"

இவங்க சிரித்துவிட்டார். சிரித்தால் எனக்கு இன்னும் ஏறும் என்று தெரியாதா? பில்லை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். நோன்பு முடிந்ததும் வீட்டு ஏஜென்டைப் பார்க்கப் போகிறேன், கூட வந்தாலும் வராவிட்டாலும்.

2003 ஜனவரி 16, வியாழன்

இவங்களுக்கு வேலை போயிற்று. மத்தியானமே வந்துவிட்டார், கையில் ஒரு அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் ரிதா வரைந்த படம், காபி கப், ஒரு கால்குலேட்டர்.

ஏஜென்டுக்கு போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

2003 ஜனவரி 31, வெள்ளி

வரி கட்டக் கடைசி நாள். கடைசிச் சம்பளத்தில் கட்டினோம். ஜும்ஆ தொழுகைக்குப் போகும் வழியில் செக்கை இவங்களே கொண்டுபோய்க் கொடுத்தார். நான் காரை விட்டு இறங்கவில்லை.

2003 பிப்ரவரி 20, வியாழன்

பழைய இன்சூரன்ஸை நாமே காசு கட்டித் தொடரலாமாம். மாசத்துக்கு அவங்க கேட்கிற தொகைக்கு நாலு மாசம் மளிகை வாங்கலாம். விட்டுவிட்டோம். நாற்பத்தாறு வயசு, ஒரு தலைவலி கூட வந்ததில்லை, என்ன ஆகிவிடப்போகிறது என்கிறார். டெலிகாம் கம்பெனி ஒவ்வொன்றாக விளக்கை அணைக்கிறது. இவங்க தினம் ஷேவ் பண்ணி, சட்டையை டக்-இன் பண்ணிக்கொண்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அப்ளை பண்ணுகிறார். அந்தச் சட்டையைப் பார்த்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

2003 ஏப்ரல் 14, திங்கள்

எழுதியே ஆக வேண்டும்.

சனிக்கிழமை காலை புல் வெட்டிக்கொண்டிருந்தார். மெஷின் சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது, ஆனால் ஒரே இடத்தில். ஜன்னல் வழியாகப் பார்த்தால் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், சட்டை தெப்பமாக நனைந்திருக்கிறது. இடது கையைத் தேய்க்கிறார். ஓடினேன்.

ஆம்புலன்ஸ் கூப்பிடாதே என்றார். ஆஸ்பத்திரியே வேண்டாமாம்! "இன்சூரன்ஸ் இல்ல தாஜு. ஒரு நாள் படுத்தா வர்ற பில்லுக்கு இந்த வீட்டை வித்தாலும் பத்தாது. கேஸ்தான், சோடா குடு." இந்த மனுஷனுக்கு உயிர் பெருசா வீடு பெருசா? வீடு இருந்து நான் என்ன பண்ண, நீங்க இல்லாம? — இதைச் சத்தமாகவே கத்தினேன். வேலிக்கு அந்தப் பக்கம் சாரதா வந்து நின்றுவிட்டாள்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரி வரி.

"நாம காசு கட்டின ஆஸ்பத்திரி ஒண்ணு இருக்கு. அங்க போறோம். சும்மா இல்ல, உரிமையோட போறோம். ஏறுங்க கார்ல." எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ. இவங்க ஏறிவிட்டார். ரிதாவை சாரதா வேலி மேலேயே தூக்கி வாங்கிக்கொண்டாள். சேனாபதி அண்ணன் ஓட்டினார். ஃப்ரீவேயில் அவர் இவ்வளவு வேகம் போய் நான் பார்த்ததில்லை. நான் பின்சீட்டில் இவங்க தலையை மடியில் வைத்துக்கொண்டு ஓதிக்கொண்டே வந்தேன்.

ஹார்ட் அட்டாக். உள்ளே போன அரை மணியில் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கே ஸ்டென்ட் வைத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ். அல்ஹம்துலில்லாஹ்.

இன்று காலை பணம் விஷயம் பேசக் கூப்பிட்டார்கள். கவுன்டரில் வயதான ஒரு கறுப்பின அம்மா, மூக்குக்கண்ணாடிச் சங்கிலி போட்டவர். வருமானம் கேட்டார். இல்லை என்றேன். டாலஸ் கவுன்டியில் குடியிருப்பதற்கு ஏதாவது அத்தாட்சி உண்டா என்றார். கைப்பையைக் குடைந்தேன். டிஷ்யூ, தஸ்பீஹ் மணி, ரிதாவின் ஹேர்பேண்ட். அடியில் அந்த பில்.

நீட்டியபோது அவமானத்தில் காது சுட்டது. அவர் விரித்துப் பார்த்தார். சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்து, இதென்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. 'ஃபார் ஹூம்' என்று எழுதியிருக்கிறது, கோபத்தில் எழுதினேன் என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பில்லை நகல் எடுத்துக்கொண்டு, மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தார். "எங்கிட்டயும் இதே மாதிரி பில் இருக்கு, ஹனி. நானும் திட்டிக்கிட்டேதான் கட்டுறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, இதையே அத்தாட்சியாக எடுத்துக்கொள்கிறேன் என்றார். வருமானத்துக்குத் தகுந்தபடிதான் கட்டணமாம். வீட்டுக்கு ஒன்றும் ஆகாது.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். எனக்கு வெட்கமே இல்லை.

2003 ஏப்ரல் 17, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டார். இந்த அஞ்சு நாளில் ரிதா சாரதாவின் அரிசிம்பருப்பு சாதத்துக்கு அடிமையாகிவிட்டாள். என் பிரியாணியைத் தட்டில் ஒதுக்குகிறாள், கழுதை.

2003 ஜூலை 8, செவ்வாய்

இவங்களுக்கு காலேஜில் மாலை வகுப்பு எடுக்கும் வேலை. பழைய சம்பளத்தில் பாதிகூட இல்லை. சட்டையை டக்-இன் பண்ணிக்கொண்டு கிளம்பினார். வாசல்வரை போய் நின்று பார்த்தேன்.

2003 செப்டம்பர் 21, ஞாயிறு

சேனாபதி அண்ணனுக்கும் வேலை போய் மூன்று மாசம் ஆகிறதாம். சொல்லாமலே இருந்திருக்கிறார்கள். லோன் கட்ட முடியவில்லை, வீட்டை விற்கிறார்கள்.

சாரதாவுக்கு சுகர், ஊசி போடுகிறவள். இன்சூரன்ஸ் நின்றதிலிருந்து ஊசி மருந்தைப் பாதிப் பாதியாகப் போட்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்தாளாம். எங்க கவுன்டி மாதிரி ஆஸ்பத்திரி அவங்க பக்கம் இல்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி கேட்டாள்: "அக்கா, உங்க பக்கம் வாடகைக்கு வீடு ஏதாச்சும் வருங்களா?"

நான் எந்தப் பக்கம் போகத் துடித்தேன்!

அவளிடம் அதைச் சொல்லவில்லை. சாயங்காலமே தெருத் தெருவாகக் காரில் சுற்றி, போர்டு தொங்கும் வீடுகளின் நம்பரை எல்லாம் எழுதிக்கொண்டு வந்தேன்.

2003 நவம்பர் 9, ஞாயிறு

சாரதா எங்க தெருவுக்கே குடிவந்துவிட்டாள். நாலாவது வீடு, இரண்டு ரூம். காலையில் நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்சினாளாம். எனக்கு நோன்பு என்பதால் ஒரு டம்ளர் எடுத்துவைத்து, மக்ரிபுக்குச் சூடு பண்ணிக்கொண்டு வந்தாள். பேரீச்சம்பழத்தோடு அதைக் குடித்துத்தான் நோன்பு திறந்தேன். நாளைக்குக் கவுன்டி ஆஸ்பத்திரிக்கு அவளை நான் கூட்டிப்போகிறேன். வாடகை ஒப்பந்தத்தை மறக்காமல் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

மேஜையில் இந்த வருஷ வரி பில் கிடந்தது. எடுத்துப் பார்த்தாள். "எனக்கு இனி பில்லே வராதுங்க்கா. எல்லாம் வாடகையிலயே போயிடும்" என்று சொல்லிச் சிரித்தாள். அண்ணன் மாதிரியே பேச்சு.

ஆஸ்பத்திரி வரி இந்த வருஷம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. பார்த்தேன், பேனாவைத் தேடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் கட்டிவிடலாம் என்று செக் எழுதிவைத்துவிட்டேன்.

"ஜனவரி முப்பத்தொண்ணு வரைக்கும் டைம் இருக்கே?" என்கிறார் இவங்க.

இருந்தால் இருக்கட்டும்.