மோதிரம் சொன்ன பிரஷர்

விஞ்ஞானி அவர்களுக்கு,

டூட்டிக்குக் கிளம்பிட்டேன். நீங்க செஞ்ச மோதிரத்தைப் பூட்டி வெச்சிருக்கேன், தேடாதீங்க. ரத்தக்குழாயில துடிப்பு ஓடுற வேகத்தைப் பார்த்தே அது பிரஷர் சொல்லுமாம்! வயசானா குழாய் விறைச்சு, துடிப்பு தானா வேகமா ஓடும்னு, நர்ஸ் நான், தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டீங்களா? உங்க பிரஷர்தான் சரியான பிரஷர்னு நீங்களே முடிவு கட்டி, அதை வெச்சே மோதிரத்துக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தீங்க. அது அத்தைக்கு பிரஷர் எகிறுதுன்னு சொல்லவும், பெத்த அம்மான்னும் பார்க்காம அவங்க சாப்பாட்டுல உப்பையே நிறுத்திட்டீங்க, பாவம்.

இன்னைக்கு ஆஸ்பத்திரி மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்து அவங்க கையில பட்டை கட்டிப் பார்த்தேன். அத்தைக்கு ஒண்ணுமே இல்ல. அவங்களுக்கு உப்பு போட்டே சமைச்சிருக்கேன்.

பி.கு: நீங்க குறட்டை விட்டப்ப உங்களுக்கும் பட்டை கட்டினேன். நூத்தி அறுபது! உப்பில்லாத பாத்திரம் இனி உங்களுக்கு. சாயந்திரம் டாக்டர்கிட்ட ஒழுங்கா வந்து சேருங்க. சண்டை போட எனக்கு ஆள் வேணும்.